கொள்ளிவாயன் தட்டியது

குற்றாலம்
20 ஜனவரி 2024

அன்புள்ள கணேசமூர்த்திக்குப் பெரியப்பா வீரபாகு எழுதுவது. நான் சொல்லுகிறேன், லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருக்கிற உமா மகேஸ்வரி எழுதுகிறாள்.

எமர்ஜென்சி முடிந்து, மெட்ராஸில் ஆட்சி மாறி, வருஷக் கடைசியில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்ததே, அந்த வருஷம் நான் குஸ்தியை விட்டேன். நீ அப்போது உன் அம்மா வயிற்றில் இருந்தாய். அதற்கப்புறம் குஸ்தியைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தே காலம் போயிற்று. போன வருஷம் உன் அப்பா திவசத்துக்கு வந்தபோது நீ கிண்டிக் கிண்டிக் கேட்டாய். டெல்லிப் பக்கம் ஒரு குஸ்திக் கம்பெனிக்குக் கதை எழுதுகிற வேலை, நல்ல வில்லன் கிடைக்கவில்லை என்றாய். நானும் உன் அப்பா ஆவுடைநாயகம் நடத்திய குஸ்திக் கொட்டகையைப் பற்றியும், அதில் நெருப்பு ஊதிக்கொண்டு வந்த கொள்ளிவாயனைப் பற்றியும் சொன்னேன். என்னோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வடகரைப் பையன் பென்னியையும் உன்னோடு அனுப்பி வைத்தேன்.

இங்கே நான் சௌக்கியம். முட்டி மட்டும் சாரலுக்கு முந்தியே சாரலைச் சொல்லுகிறது. பிடியில் நசுங்கிய காது என்பதால் போனில் நீ பேசுவது எனக்கு ஐந்தருவிச் சத்தமாகத்தான் கேட்கிறது. ஆகவே கடிதம்.

பென்னி கொள்ளிவாயனாக மேடை ஏறியதை உமா அவள் போனில் காட்டினாள். நெருப்பை ஊதினான். பிறகு ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றான். முன்வரிசையில் ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டம் அடங்கிப்போய், அப்புறம் எங்கிருந்தோ ஒரு செருப்பு வந்து விழுந்தது. நான் கைதட்டிவிட்டேன். "என்ன தாத்தா, செருப்பு விழுது, நீங்க கை தட்டுதிய?" என்றாள் உமா. காலையில் கொட்டகையைக் கூட்டும்போது மேடையில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் நாங்கள் வில்லனை எடை போடுவோம் என்று அவளுக்குச் சொன்னேன்.

பென்னியின் அம்மா ரூபி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏன் அண்ணாச்சி, எம்புள்ளைய கெட்டவனாத்தான் நிக்க வைக்கணுமா? நல்லவன் வேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். நல்லவனுக்கு முகம் இருந்தால் போதும் ரூபி, கெட்டவனுக்குத்தான் ஆள் வேணும் என்று சொல்லி அனுப்ப வைத்தேன். என் பேச்சை நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள். மறந்துவிடாதே.

முக்கியமான ஒன்று. கொள்ளிவாயன் வாயால் எவ்வளவும் அலறலாம், கெஞ்சலாம். அது வேஷம். நிஜமாக அடிபட்டால் எதிராளி முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. கூட்டத்துக்குத் தெரியக்கூடாது. தட்டு விழுந்தால் எதிராளி அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. பென்னிக்குச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கு நீ சொல்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

வீரபாகு


குருகிராம்
12 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு கணேசமூர்த்தியின் வணக்கங்கள். நாங்கள் நலம். உங்கள் முட்டிக்கு ஒரு பெல்ட் அனுப்பியிருக்கிறேன், கட்டிக்கொள்ளுங்கள். தமிழில் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பென்னி இங்கே பெரிய ஹிட். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். எங்கள் மெஸ் சப்பாத்திதான் அவனுக்கு ஆகவில்லை, ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிறான். என் மகளோடு கேரம் விளையாடி வேண்டுமென்றே தோற்கிறான்.

நீங்கள் சொன்ன இரண்டு தட்டு பற்றி எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் ரொம்ப ரசித்தார்கள். இப்படி ஒரு விஷயம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது என்றார் எங்கள் முதலாளி.

ஒரு சின்ன மாற்றம் இருக்கும். கொள்ளிவாயனைப் பார்த்துக் குழந்தைகள் பயந்து அழுவதாகப் புகார். கொஞ்சம் சிரிப்பு சேர்க்கச் சொல்கிறார்கள். வில்லன்தான், ஆனால் எல்லோருக்கும் பிடித்த வில்லன். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரூபி அத்தைக்கு என் வணக்கம் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணேசமூர்த்தி


குற்றாலம்
9 மார்ச் 2024

கணேசமூர்த்திக்கு ஆசீர்வாதம். பெல்ட் வந்தது. கட்டியிருக்கிறேன். அருவியில் தண்ணீர் நூலாக விழுகிறது, கூட்டம் இல்லை.

சாம்பார் வாளியைப் பார்த்தேன்.

விக்ராந்த் என்று ஒரு நல்லவன். வெள்ளைத் தோல், எண்ணெய் பூசின நெஞ்சு. அவன் கொள்ளிவாயன் தலையில் ஒரு வாளி சாம்பாரைக் கவிழ்க்கிறான். கொள்ளிவாயன் முகத்தில் வழிகிறதை நக்கிவிட்டு உட்கார்ந்து அழுகிறான். வேட்டியை உருவுகிறார்கள். உள்ளே பூப்போட்ட டவுசர். 'மதராசி, மதராசி' என்று கூட்டம் கத்துகிறது. போன வாரம் இட்லியால் அடித்தார்களாம், அதை உமா எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டாள். இந்த இடத்தில் நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிக்கொண்டாள். நீயே ஊகித்துக்கொள்.

கணேசா, வில்லன் தோற்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் கொள்ளிவாயன் கட்டின எங்கள் சண்முகநாதனும் ஒவ்வொரு ஊரிலும் கடைசியில் தோற்றான். ஆனால் அவன் தோற்பதற்கு நல்லவன் படாத பாடு பட வேண்டும். இவன் ஜெயித்துவிடுவானோ என்று வீட்டுக்குப் போகிற வழியிலும் ஜனங்களுக்கு நடுக்கம் இருக்க வேண்டும். அழுகிறவனை அடித்தால் அடிக்கிறவனுக்கு என்ன மரியாதை? அந்த வெள்ளைத் தோல்காரனையும் சேர்த்துத்தான் கெடுக்கிறாய்.

சும்மா நின்றாலே கூட்டத்தை அடக்குகிற உடம்பு அது. எனக்கு அந்த உடம்பு கிடையாது. தினம் முதல் குஸ்தியில் தோற்கிறதுதான் உன் அப்பா கொட்டகையில் எனக்கு வேலை. தோற்கத் தெரிந்தவன் சொல்லுகிறேன், நிற்கத் தெரிந்தவனை இப்படிக் கெடுக்காதே.

ரூபி அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அருவிக்கரைக்கு வந்து, "அண்ணாச்சி, சாம்பார் சூடா இருந்திருக்குமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

வீரபாகு


குருகிராம்
2 ஏப்ரல் 2024

பெரியப்பாவுக்கு வணக்கம். நலம், நலம் அறிய ஆவல். சாம்பார் ஆறிப்போனதுதான், ரூபி அத்தையிடம் சொல்லவும்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் இது கொட்டகைக் காலம் இல்லை. ஒரு வாரம் சிரிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள். இப்போது பென்னியை விமான நிலையத்தில் நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். வில்லனாகவே இருந்திருந்தால் யார் கிட்டே வருவார்கள்?

உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நீங்கள் சொன்ன இரண்டு தட்டுதான் இப்போது நாடு முழுக்கப் பேச்சு. கொள்ளிவாயன் கீழே விழுந்ததும் மேடையில் 'டப், டப்' என்று தட்டி, "அம்மா! விட்டுடு!" என்று கத்துகிறான். விக்ராந்த் காதில் கை வைத்துக் கேட்காத மாதிரி நடிக்கிறார். கூட்டம் மொத்தமும் சேர்ந்து நாற்காலியில் இரண்டு தடவை தட்டுகிறது. அப்புறம் விக்ராந்த் தூக்கிப் போடுகிறார். பள்ளிக்கூடங்களில்கூடப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்களாம். என் மகளும் சாப்பாடு வேண்டாம் என்றால் மேஜையில் இரண்டு தட்டுகிறாள்.

எல்லாம் உங்களால் வந்தது பெரியப்பா. ஒரு எபிசோடில் உங்கள் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

பென்னி சாப்பிட்டான், நன்றாக இருக்கிறான். கழுத்து கொஞ்சம் பிடித்திருக்கிறது என்றான், நீங்கள் அனுப்பிய எண்ணெயைத் தேய்த்துக்கொள்கிறான்.

கணேசமூர்த்தி


குற்றாலம்
11 ஏப்ரல் 2024

கணேசா, சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி. போன வருஷம் உன்னிடம் எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. உன் அப்பா படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்த வீடு அது.

நான் முதல் கடிதத்தில் சொன்ன அந்த வருஷம், ஆடி மாசம், சாரல் விட்டு விட்டு அடித்தது. தென்காசிக் கோபுரம் மொட்டையாக நின்ற காலம். மைதானத்தில் நம் கொட்டகை. வைக்கோல் பரப்பி மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டின மேடை. கொள்ளிவாயன் வேஷம் செங்கோட்டை சண்முகநாதனுக்கு. நல்லவன் சங்கரநாராயணன்.

அதற்குக் கொஞ்சம் முந்தி, தூத்துக்குடியில் ஆடினபோது சண்முகநாதனுக்கு நிஜமாகவே விலாவில் பட்டுவிட்டது. சங்கரநாராயணன் முதுகில் இரண்டு தட்டினான். சங்கரநாராயணன் விட்டான். முன்வரிசையில் எவனோ அதைப் பார்த்துவிட்டு, "ஏய், கொள்ளிவாயன் காலைப் பிடிக்கான்லே!" என்று கத்த, கொட்டகையே சிரித்தது. உன் அப்பா காதில் அந்தச் சிரிப்பு ஏறிவிட்டது. மறுநாள், "ஏலே சண்முகம், இத நல்லா சத்தமா, தார்ப்பாயில தட்டிச் செய்யி. சங்கரன் விடக் கூடாது. ஜனம் சிரிக்கும்" என்றான்.

சண்முகநாதன் செங்கோட்டைக்காரன், பேச்சில் கொஞ்சம் மலையாளம் கலந்து வரும். அவன் கேட்டான்: "முதலாளி, அப்போ நெசமா நோவும்போ நான் எந்து செய்யட்டும்?"

உன் அப்பா சொன்னான்: "நெசமா நோவாமப் பாத்துக்க."

எல்லோரும் சிரித்தோம். சண்முகநாதனும் சிரித்தான்.

தென்காசியில் அன்றைக்குத் தார்ப்பாய் ஈரம். கயிற்றிலிருந்து தூக்கிப் போட்டபோது அவன் பிடரியில் விழுந்தான். நான் முதல் குஸ்தியில் தோற்றுவிட்டுத் துண்டும் வாளியுமாக மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கால் இரண்டும் யாரோ கழற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. கை மட்டும் எழுந்தது. டப், டப். கூட்டம் கூடவே கத்திற்று, ஒண்ணு, ரெண்டு என்று. சங்கரநாராயணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதுதான் அவனுக்குச் சொல்லியிருந்தது.

நான் மேடையில் ஒரு காலை வைத்துவிட்டேன். உன் அப்பா என் புஜத்தைப் பிடித்து இழுத்தான். "எறங்குலே... எறங்குண்ணே. ஆளு நடிக்கான். கூட்டம் சிரிக்குது பாரு." அண்ணனை லே போட்டுவிட்டோமே என்று அந்த அவசரத்திலும் திருத்திக்கொண்டான். சங்கரநாராயணன் அதற்குள் அவனைத் தலைகீழாகத் தூக்கிவிட்டான்.

ஜீப்பில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆலங்குளம் தாண்டவில்லை. என் மடியில்தான் தலை.

உன் அப்பாவும் அழுதான். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அழும்போதும் அவன் சொன்னது, "நடிக்கான்னுதாம்ணே நெனச்சேன்." அப்படி நினைக்க வைத்தது யார் என்று அவனுக்குச் சாகிற வரைக்கும் பிடிபடவில்லை. உனக்குப் பிடிபட வேண்டும்.

அந்தத் தட்டை எடுத்துவிடு. சாம்பார் ஊற்று, டவுசரைக் காட்டு, நான் இனிமேல் வாய் திறக்கமாட்டேன். நீ கொடுத்த சிரிப்புக்காக அந்தப் பையனிடமிருந்து பறித்தது அந்தத் தட்டு ஒன்றைத்தான். அதைத் திருப்பிக் கொடு. பதில் உடனே போடு.

உன் உடம்பு எப்படி? இங்கே சௌக்கியம்.

வீரபாகு


குற்றாலம்
24 மே 2024

கணேசமூர்த்திக்கு. இங்கே கோடையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சின்னப் பையன் போய்விட்டான். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. எண்ணெய்க்கு ஆள் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

என் கடிதம் கிடைத்ததா? ஒருவேளை மழையில் தபால் தவறியிருக்கலாம் என்று உமா சொல்லுகிறாள். இந்த ஊர் மழைக்கும் உன் ஊர்த் தபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

ரூபி தினம் வருகிறாள். பென்னி ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவளுக்குப் போன் போடுவான். இரண்டு ஞாயிறாகப் போடவில்லை. இவள் போட்டால் எடுப்பாரில்லை. "வேலை ஜாஸ்தியா இருக்கும், இல்லையா அண்ணாச்சி?" என்கிறாள். ஆமா என்கிறேன். அவள் போன பிறகு அந்த ஆமாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு வரி போதும்.

வீரபாகு


குருகிராம்
8 ஜூன் 2024

பெரியப்பாவுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வெயில் கொளுத்துகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு. மகளுக்குப் பள்ளி விடுமுறை, அவளுக்கு அம்மை போட்டு இப்போது தேவலை. மாம்பழம் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது, ஒரு பெட்டி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். உங்கள் முட்டிக்கு அந்த பெல்ட்டைத் தொடர்ந்து கட்டவும்.

பென்னி இப்போதைக்கு ஓய்வில் இருக்கிறான். அவன் போன் பழுது. கம்பெனி நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. ரூபி அத்தையைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.

உங்கள் ஏப்ரல் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

கணேசமூர்த்தி


குற்றாலம்
17 ஜூன் 2024

கணேசமூர்த்திக்கு.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருதரம் காதில் விழுந்தது போகாது. உன் கடிதம் எல்லாவற்றிலும் பென்னி சாப்பிட்டான் என்று ஒரு வரி இருந்தது. இதில் இல்லை. வெயில், தண்ணீர், அம்மை, மாம்பழம் எல்லாம் இருக்கிறது. இருக்க வேண்டியது இல்லை.

ஒரே ஒரு கேள்வி. அவன் கால் விரலை அசைக்கிறானா?

ரூபி நாளை ரயில் ஏறுகிறாள். பாஷை தெரியாது, செங்கோட்டை தாண்டிப் போனதே இல்லை. அவள் தங்கச்சி ஜெபமலர் கூட வருகிறாள். ஸ்டேஷனில் நீ நிற்க வேண்டும். ஆள் அனுப்பாதே. நீ நில்.

வீரபாகு

ஐயா, நான் உமா மகேஸ்வரி எழுதுகிறேன். தாத்தாவுக்குத் தெரியாமல் இதைச் சேர்க்கிறேன். மே மாதம் பென்னி அண்ணன் கடைசியாக ஆடின ஆட்டத்தின் வீடியோ கிடைத்தது. நான் முதலில் பார்த்து, வேடிக்கையாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அவரிடம் கொடுத்தேன். அவர் சத்தம் இல்லாமல் பார்த்தார். அவருக்கு எப்படியும் கேட்காது. விக்ராந்த் முதல் தடவை போட்டதும் நிறுத்தச் சொல்லி, பென்னி அண்ணன் காலைக் காட்டினார். அப்புறம் தட்டுகிற கையைக் காட்டினார். இரண்டாவது தடவை தூக்கும்போது விக்ராந்த் திரும்பி நடுவரைப் பார்க்கிறார், நடுவர் காதில் இருக்கிற மெஷினைத் தொட்டுக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறார். அதற்கப்புறம்தான் தூக்குகிறார். நீங்கள் அந்த வீடியோவில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறீர்கள். நானும் அதைக் கேட்டுத்தான் சிரித்தேன். அதை எடுத்துவிடுங்கள் ஐயா.


குருகிராம்
30 ஜூலை 2024

பெரியப்பாவுக்கு.

ரூபி அத்தை சொல்லியிருப்பார்கள். ஸ்டேஷனில் நான்தான் நின்றேன்.

கழுத்தெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்தார்கள். கழுத்துக்குக் கீழே உணர்வு வருமா என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. விமானத்தில் திருவனந்தபுரம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் வடகரை வரை கொண்டுவிட ஏற்பாடு ஆகியிருக்கிறது. இது எதிர்பாராத விபத்து, யாருடைய கவனக்குறைவும் இல்லை என்று கம்பெனி விசாரித்து முடிவு செய்திருக்கிறது. இப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வீடியோவை எடுத்துவிட்டோம்.

இன்னொன்று. கேட்கக் கூசுகிறது. தீபாவளி சீசனுக்குக் கொள்ளிவாயன் வேண்டும் என்கிறார் முதலாளி. அரியானாவில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்பா உருவாக்கிய வேஷம் என்பதால் குடும்பத்தில் மூத்தவரான உங்கள் சம்மதம் வேண்டுமாம். இத்துடன் இருக்கும் காகிதத்தில் உமாவைப் படித்துக் காட்டச் சொல்லி, உங்கள் கைநாட்டை வைத்து அனுப்பவும். தட்டு இனிமேல் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

மகள் சாப்பாட்டு மேஜையில் தட்டுவதை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்கிறாள்.

கணேசமூர்த்தி


வடகரை
6 அக்டோபர் 2024

கணேசமூர்த்திக்குப் பெரியப்பா வீரபாகு சொல்லுவது. இன்றைக்கு உமா இங்கேயே வந்து எழுதுகிறாள்.

என் சௌக்கியம் இருக்கட்டும். பென்னி சௌக்கியம் எழுதுகிறேன், நீ ஒரு கடிதத்தில் விட்டதைச் சேர்த்து. சாப்பிட்டான். ரூபி கஞ்சி ஊட்டினாள். தினம் காலை பஸ்ஸில் வந்து நான் எண்ணெய் தேய்க்கிறேன். நல்ல உடம்பு. உருட்டிப் பிடித்தால் இப்போதும் கை நிறைகிறது. யாரோ தூங்குகிறவனுக்குத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. பேச்சு நன்றாக இருக்கிறது. "மாமா, அந்தக் காலத்துல உங்கள யாராவது செருப்பால அடிச்சிருக்காங்களா?" என்று நேற்றுக் கேட்டான். தோற்கிறவனை எவன் அடிப்பான் என்றேன். சிரித்தான். சிரித்தால் கழுத்துப் பட்டை இழுக்கிறது, அதனால் கொஞ்சமாகச் சிரிக்கிறான்.

வலது கையில் இரண்டு விரல் அசைகிறது. தண்ணீருக்கோ, திரும்பிப் படுக்கவோ, கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுகிறான். கத்திக் கூப்பிட அவனுக்கு வெட்கம். முதல் வாரம் அவன் தட்டினபோது, ஜன்னலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த தெருப்பிள்ளைகள் கேட்டுவிட்டு, எல்லாம் ஒன்றாகச் சுவரில் இரண்டு தட்டி, "அம்மா! விட்டுடு!" என்று கத்திச் சிரித்தன. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அதுகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது. ரூபி வெளியே போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏட்டி, ஏலே, அந்த அண்ணனுக்குத் தாகமா இருக்கு. போயி ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க" என்றாள். இப்போது தட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, "அக்கா, அண்ணன் தட்டுதாரு!" என்று உள்ளே குரல் கொடுக்கிறது.

அந்தத் தட்டுக்கு இப்போது ஆள் எழுந்து வருகிறார்கள். மேடையில் ஒருத்தர் வந்திருந்தால் போதும்.

நடுவர் காதில் இருந்த மெஷினில் பேசியது யார் என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. பென்னியிடமும் கேட்கவில்லை. உன் அப்பா என் புஜத்தைப் பிடித்த இடம் எனக்கு இன்னமும் தெரியும். உன்னை யாரும் பிடிக்கவில்லையே, நீயாவது எழுந்து மேடைக்கு ஓடியிருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

உன் காகிதத்தை உமா படித்துக் காட்டினாள். கட்டை விரலில் மையும் தடவினாள். துடைத்துவிட்டேன். அந்த வேஷம் என் சொத்து இல்லை, உன் அப்பா சொத்தும் இல்லை. கட்டினவனைத்தான் கேட்க வேண்டும். முதலில் கட்டினவன் பாபநாசத்துச் சுடலைமுத்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அடுத்தது சண்முகநாதன், ஆலங்குளத்தோடு சரி. அவனைத் தூக்கிப்போட்ட சங்கரநாராயணன் அதற்கப்புறம் ஒரு ஆளைக்கூடத் தொடாமல், கொரோனாவில் தனியாகச் செத்தான். செய்யச் சொன்ன உன் அப்பாவுக்கு இரண்டு திவசம் ஆகிவிட்டது. நான் இருக்கிறேன், ஆனால் நெருப்பு ஊதினவன் இல்லை, என்னைச் சேர்க்காதே.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நீயே வா. தென்காசியில் இறங்கி வடகரை பஸ் ஏறு. தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு, ஜன்னலோரக் கட்டில். அவனிடம் நீயே வாசித்துக் காட்டி, நீயே கேள். சம்மதம் என்றால் வாயால் சொல்லுவான், வேண்டாம் என்றால் தட்டுவான். தட்டினால் நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

கொள்ளிவாயன் வேஷம் கட்டினவர்களில் உயிரோடு இருக்கிறவன் பென்னி.